நடு சோபா

"இந்தப் பெட்டியைக் கழட்டி எடுத்துட்டுப் போயிடுடா. ஒண்ணு அது இந்த வீட்டுல இருக்கணும், இல்ல நான் இருக்கணும்!"

அக்கா வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள். ஸ்பீக்கர் மாட்டுவதுதான் தம்பிக்குத் தொழில். டூல்ஸ் பையோடு வரச் சொன்னபோதே அவனுக்கு லேசாகப் பொறி தட்டியது.

"முதல்ல செருப்பைக் கழட்ட விடுக்கா. ஹோம் தியேட்டர் ரிசீவர் உன்னை என்ன பண்ணிச்சு?"

"அது ஒண்ணும் பண்ணலை. அதைக் கட்டிக்கிட்டு அழற மனுஷனைச் சொல்லணும். உன் மாமா என்கிட்ட நாலு வார்த்தை பேசி எத்தனை நாளாச்சு தெரியுமா? வேலை விட்டு வந்தா ரிமோட்டும் கையுமாத்தான். வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும்!"

"ஆம்பளைங்கன்னா அப்படித்தான்க்கா..."

"நீ அவருக்குப் பரிஞ்சு பேசாதே. பெட்டி வந்த அன்னைக்கு ஏதோ மைக் வச்சு அளக்கணுமாம், ஊசி விழற சத்தம்கூடக் கேக்கக் கூடாதாம். தையல் மெஷினை நிறுத்தினேன். அது பத்தலைன்னு, 'நீ கடைக்குப் போய் நூல் வாங்கிட்டு வா'ன்னு என்னையே விரட்டிட்டாரு. கட்டின பொண்டாட்டி மூச்சு விட்டாக்கூட அந்தப் பெட்டிக்கு ஆகாது!"

"அவ்வளவுதானே?"

"படம் போட்டாலும் திரும்பித் திரும்பி என்னையே பாக்கறாரு. மெஷின் சத்தம் தொந்தரவு போல. நாளைக்குக் குடுக்க வேண்டிய சட்டையை அவரா வந்து தைப்பாரு?"

சொல்லும்போதே அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "எனக்கு இந்த வீட்டுல என்ன இடம்னு நல்லாப் புரிஞ்சு போச்சுடா" என்று சொல்லிவிட்டு, ஜன்னலோரம் இருந்த மெஷினில் போய் உட்கார்ந்தாள். அங்கே உட்கார்ந்தால் டிவி பக்கவாட்டில்தான்; கழுத்தைத் திருப்பினால்தான் படம் தெரியும்.

கழட்டுவதற்கு முன் ஒரு தடவை கேட்டுப் பார்ப்போமே என்று தம்பி நடு சோபாவில் உட்கார்ந்து ஒரு படத்தை ஓடவிட்டான். மூஞ்சி அஷ்டகோணலாகிவிட்டது.

"சே! என்னக்கா இது? இடது ஸ்பீக்கர் காதைக் கிழிக்குது, வலது ஸ்பீக்கர் முனகுது. மியூசிக்கை அமுக்கி, வசனத்தை மட்டும் ஏத்தி வச்சிருக்கு. மாமா நல்லா சொதப்பிட்டாரு."

"என்னடா குறை? எனக்கு ஒரு வசனம் விடாம கேக்குதே. மெஷின் ஓடும்போதுகூடக் கேக்குது. நியாயத்தைச் சொல்லணும்ல."

"உனக்குக் கேட்டு என்ன பிரயோஜனம்? படம் பாக்கறவங்களுக்கு இல்ல கேக்கணும்!"

ரிமோட்டை அமுக்கினான். டிவியில் வரிசையாக அளவுகள் வந்தன.

"பாத்தியா? மைக் இருந்த இடத்துலேருந்து ஒவ்வொரு ஸ்பீக்கரும் எவ்வளவு தூரம்னு பெட்டியே அளந்து வச்சிருக்கு. அந்த இடத்துல உக்கார்றவங்களுக்குத்தான் சத்தத்தைச் சரியாப் பிரிச்சுக் குடுக்கும். மாமா கை போன இடத்துல மைக்கை வச்சிருக்காரு. இரு, எங்கேன்னு கண்டுபிடிச்சு மானத்தை வாங்கறேன்."

அதற்கென்றால் அக்காவுக்குக் கசக்குமா? ஓடி வந்து, அவன் பையிலிருந்து எடுத்த அளவு டேப்பின் ஒரு முனையை இடது ஸ்பீக்கரில் பிடித்துக்கொண்டாள். தம்பி டேப்பை இழுத்துக்கொண்டே பின்னால் நடந்தான். சோபாவைத் தாண்டினான். சாப்பாட்டு மேசையையும் தாண்டினான்.

"ஐயய்யோ, எங்கக்கா போகுது இது? தெருவுல கொண்டுபோய் வச்சாரா?"

காலில் ஏதோ இடித்தது. நின்றான். வலது ஸ்பீக்கரிலிருந்தும் அளந்து பார்த்தான். அதே இடம்தான்.

அக்காவின் தையல் ஸ்டூல்.

அக்கா டேப்பை விட்டுவிட்டு ஸ்டூல் பக்கம் வந்தாள்.

"ஸ்டூலை விட்டு நான் எழுந்திருக்கணும்னுதான் நூல் வாங்க அனுப்பியிருக்காருடா" என்றாள் அக்கா. குரல் இறங்கியிருந்தது. "'தைக்கிறப்ப திரும்பிப் பாக்கத்தான் முடியலை, என்ன பேசறாங்கன்னாவது காதுல விழுந்தா தேவலை'ன்னு எப்பவோ ஒரு தடவை சொன்னேன். நானே மறந்துட்டேன். அந்த மனுஷனைப் போய் என்னென்ன பேசிட்டேன் பாரு... நான் குடுத்து வச்சவடா."

கதவு திறந்தது. மாமா உள்ளே வந்தார்.

"வாடா மாப்ளே! என்ன, டூல்ஸ் பையெல்லாம்?"

"சும்மா நம்மளைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தான்" என்று அக்கா முந்திக்கொண்டாள். பையைக் காலாலேயே மேசைக்கு அடியில் தள்ளினாள். தம்பி டேப்பைச் சுருட்டிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

அக்கா மெஷின் பக்கம் போகவில்லை. பெட்டி வந்ததிலிருந்து முதல் தடவையாக நடு சோபாவில் போய் உட்கார்ந்தாள். நிறுத்தி வைத்திருந்த படத்தை ஓடவிட்டாள். காதைப் பொத்திக்கொண்டாள்.

"என்னங்க, இங்க சகிக்கலையே! இத்தனை நாளும் இப்படியா படம் பாத்தீங்க?"

மாமா தலையைச் சொறிந்தார்.

"நான் எங்க படம் பாத்தேன்? நீ சிரிக்கிறியான்னுல்ல திரும்பித் திரும்பிப் பாத்துட்டிருந்தேன்."