ஒழுகும் கியர்பாக்ஸ்

காருக்கு அடியில் குனிந்து பார்த்த ஜெயகிருஷ்ணனுக்குத் தலை சுற்றியது. தரையில் மறுபடியும், கியர் ஆயில் மாதிரியே சிவப்பாக ஒரு கறை.

மெக்கானிக் அய்யாவுக்கு போன் போட்டார்.

"என்னய்யா வேலை பார்க்கறே? முதல்ல சீல் மாத்தினே. அப்புறம் மொத்தமாப் பிரிச்சு மாட்டினே. இப்போ ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையே மும்பையிலேர்ந்து வரவழைச்சு மாத்தியாச்சு. ஒவ்வொரு தடவையும் வண்டி வீட்டுக்கு வந்த மறுநாளே ஒழுகறது! இன்னிக்கு ரெண்டு மடங்கு!"

"ஷெட்ல ரெண்டு நாள் நிறுத்திப் பார்த்தேன் சார். ஒரு சொட்டுகூட ஒழுகல."

"அப்போ விஜயநகர்ல என் வீட்டுக்கு வந்தாத்தான் ஒழுகுமா? எடுத்துண்டு போய்ப் பழைய இரும்புக்குப் போடு!" கத்திவிட்டு போனை வைத்தார்.

சத்தம் கேட்டு வெளியே வந்தாள் மனைவி லலிதாம்பாள்.

"ஐம்பது வருஷத்துக் கார் இப்படிப் பளபளன்னு நின்னா, தெருவே கண்ணு வைக்காதா? அதான் ரிப்பேராகி வரும்போதெல்லாம், நீங்க வாக்கிங் போனதும் ஆரத்தி சுத்தறேன். யாரும் மிதிச்சுடக் கூடாதுன்னு காருக்கு அடியிலேயே கொட்டிடறேன்."

ஜெயகிருஷ்ணன் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார்.

"நேத்து புது கியர்பாக்ஸ் ஆச்சேன்னு ரெண்டு தட்டு சுத்தினேன். அப்பவும் ஒழுகறதுன்னா, எவ்வளவு பொல்லாத கண்ணு பாருங்கோ!"