அளந்த தண்ணீர்

ஜூலை வெயில் மலேசியாவின் கிள்ளான் நகரை வறுத்தெடுக்கிறது. வரிசை வீட்டின் முன்னால், காடி நிறுத்தும் இடத்தை ஒட்டிய துண்டு மண்ணில், கன்னையா ரப்பர் குழாயும் கையுமாக நிற்கிறார். ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போன இடது கை உடம்போடு ஒட்டிக் கிடக்கிறது. வெண்டை இடுப்புயரம் வந்துவிட்டது. மஞ்சள் பூக்களுக்குக் கீழே விரல் நீளப் பிஞ்சுகள். பந்தலில் கல் கட்டிய புடலைகள் அசையாமல் தொங்குகின்றன. மழை கண்டு மூன்று வாரமாகிறது. இலையெல்லாம் நாக்குத் தள்ளிக் கிடக்கிறது. வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குப் போகிற கன்னையாவுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான். மனைவி மாதவி காலையில் அளந்து ஊற்றிக் கொடுத்த போத்தல் ஜன்னல் விளிம்பில் காலியாக நிற்கிறது. போன சனிக்கிழமை இதே குழாயில் வாய் வைத்து வயிறு நிறையக் குடித்தவர், மூச்சு முட்டி ஆம்புலன்ஸில் போனார். அதனால் மாதவி இப்போது கிரில் கதவை விட்டு நகர்வதில்லை.

“நான் ஊத்துறேன், உள்ள வாங்க லா.”

“ஒனக்கு வேர் பாத்து ஊத்தத் தெரியாது. போ.”

அவள் போகவில்லை. குழாயின் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவர் குனிந்து, வெண்டைக்குப் பக்கத்தில் நிற்கும் கத்தரிச் செடியின் தூரில் குழாயை வைக்கிறார். வெடித்த மண் கொப்புளம் விட்டுக் களுக் களுக்கென்று விழுங்குகிறது.

“குடி, குடி. ஒனக்கு யாரு அளக்கப் போறா?”

அவர் தொண்டைக்குழி ஒருமுறை ஏறி இறங்குகிறது. விழுங்க எச்சில்கூட இல்லை.