பேர் இல்லாத பொட்டலம்

வேன் கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டு, தீபன் அந்தப் பொட்டலத்தின் மேல் ஒட்டியிருந்த பேரை நகத்தால் சுரண்டினான். பத்து காஜா ஊர்ச் சந்தைக்குப் பின்னால் ஆள் நடமாட்டமே இல்லை. இருந்தும் போலீஸ் வண்டிக்குப் பயந்தவன் போல இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டான்.

உள்ளே இருந்தது கஞ்சா இல்லை. டாக்டரம்மா எழுதிக் கொடுத்த மாத்திரை, தினம் ஒன்று.

ஒன்றரை வருஷமாகப் பயம் அவனைப் பிடித்து ஆட்டுகிறது. பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகும், எவனாவது சீட்டுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருக்கிறானோ என்று மூன்று முறை வேனைச் சோதிப்பான். வீட்டுக்கு வந்து படுத்தாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். "பிரஷர் மாதிரி இதுவும் ஒரு நோய்தான், மருந்து இருக்கு" என்றார் டாக்டரம்மா. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் தனேஷுக்கு நடந்தது அவருக்கு எங்கே தெரியும்? இவனுக்கு முன்னால் இவன் குடியிருக்கும் தோட்டத்துப் பிள்ளைகளை வேனில் ஏற்றியவன் தனேஷ். இதே மாதிரி மாத்திரை சாப்பிடுகிறான் என்று தெரிந்ததுமே, "அவன் தஞ்சோங் ரம்புத்தான் கேஸு" என்று பேச்சு கிளம்பியது. பைத்தியக்கார ஆஸ்பத்திரி இருக்கிற ஊர் பேரைச் சொன்னால் போதாதா? பெற்றவர்கள் பிள்ளைகளை நிறுத்திவிட, ஒரே வாரத்தில் அவன் வேன் காலி. இப்போது தஞ்சோங் மாலிமில் கார் தொழிற்சாலைக்குப் போகிறான்.

பேச்சைக் கிளப்பியவள் அதே தோட்டத்து மாரியம்மா. எட்டு வீடு தள்ளிக் கேட்கும் குரல்.

மாத்திரையைச் சாப்பிட்டால் பிழைப்பு போகும். சாப்பிடாவிட்டால் ஒவ்வொரு சிக்னலிலும் உயிர் போய் உயிர் வருகிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான்.

பேர் சுரண்டிய பொட்டலத்தை ஒரு காகிதப் பையில் போட்டு, மற்றப் பைகளுக்கு அடியில் சொருகினான். ரப்பர் மரம் போய் எண்ணெய்ச் செம்பனை வந்து, தோட்டத்து கிளினிக்கும் மூடிய பிறகு, லயத்து வீடுகளில் இருக்கும் ஆட்களுக்கு மாதா மாதம் மருந்து வாங்கி வருவது வேன்காரன் வேலை என்றாகிவிட்டது. எல்லோரும் மருந்துக் கார்டை அப்படியே கொடுப்பார்கள். மாரியம்மா மட்டும் உறையில் போட்டு ஒட்டிக் கொடுப்பாள், வயசு வெளியே தெரியக்கூடாதாம். சீனி வியாதிக்காரி என்பது மட்டும் ஊருக்கே தெரியும், அவளே சொன்னது.

தோட்டத்து முனை வேகத்தடையில் வேன் ஏறி இறங்கியதில் பைகள் எல்லாம் உருண்டன.

மாரியம்மா வாசலிலேயே நின்றாள். இனிப்புப் பால் டின்னைக் கவிழ்த்து, டீயில் பாதி கிளாஸுக்கு ஊற்றிக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியா? மாத்திர நேத்தோட தீந்துபோச்சுலா. மொகம் ஏன் இப்படி வெளுத்துக் கெடக்கு, தூங்கலயா?"

"ஒண்ணுமில்லக்கா."

அவள் முகத்தையும் பார்க்காமல், கையில் வந்த பையையும் பார்க்காமல் எடுத்து நீட்டிவிட்டுக் கிளம்பினான். மற்ற வீடுகளுக்கும் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, மீதியிருந்த பையைக் கையில் எடுத்துத் திருப்பினான். அதில் பின் அடித்திருந்த சீட்டில் கொட்டை எழுத்தில் இருந்தது மாரியம்மா பேர்.

அவன் பொட்டலம் அவளிடம்.

பேசாமல் இருந்துவிடலாம். அதில் யார் பேரும் இல்லை, இவன்தான் சுரண்டிவிட்டானே. ஆனால் சீனி வியாதிக்காரி தெரியாமல் அதைப் போட்டு, மயங்கி விழுந்தால்? தீபன் வேனைத் திருப்பினான்.

மாரியம்மா மேசையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவன் மாத்திரை அட்டை. அதில் இரண்டு குழி காலி.

"அக்கா, போட்டுட்டீங்களா?"

"போட்டாச்சு, ரெண்டு. ஏன்டா?"

ஒன்றில்லை, இரண்டு. மருந்துக் கவுண்டரில் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் ஆஸ்பத்திரியில் என்ன மாத்திரை என்று கேட்பார்களே. அடுத்த வாசலில் முத்தம்மா வேறு துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இன்றைக்கு மாலையே தன் வேனும் காலியாகப் போகிறது என்று அவனுக்குத் தெரிந்தது.

"அது ஒங்க சீனி மாத்திர இல்லக்கா. என்னுது. பயத்துக்குக் குடுத்தது. வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம். அப்புறம் யார்கிட்ட வேணும்னாலும் சொல்லிக்குங்க."

மாரியம்மா எழுந்து போய் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். அவன் கையிலிருந்த தன் பையை வாங்கி, பிரிக்காமலே மேசையில் வைத்தாள். பிறகு மாத்திரை அட்டையையும் ஒரு டம்ளர் தண்ணீரையும் அவன் பக்கம் நகர்த்தினாள்.

அவன் கண்ணை அவள் பார்க்கவில்லை. எட்டு வீடு கேட்கும் அந்தக் குரல் அடுப்படிக்குக்கூடக் கேட்காத அளவுக்குத் தாழ்ந்திருந்தது.

"ஒக்காரு தம்பி. ஒனக்கு இப்போதைக்கு ஒண்ணு போதும், எனக்குத்தான் எட்டு வருசமா இதுவே ரெண்டு."