கழுத்தில் தொங்கிய கேள்விகள்

“அட்டையில எழுதியிருக்கிற கேள்வியை மட்டும்தான் கேட்கணும். சொந்தமா யாராவது வாயைத் திறந்தீங்க, திரும்பிப் போகும்போது பஸ்ஸுல என் பக்கத்து சீட்டுதான்!”

விண்வெளி மையத்தின் வாசலில் நின்று மூன்றாம் வகுப்பு டீச்சர் கடைசியாக ஒருமுறை எச்சரித்தார். முப்பத்திரண்டு தலைகள் ஆடின. ஒவ்வொரு கழுத்திலும் ஓர் அட்டை தொங்கியது. ‘நிலவு எவ்வளவு தூரம்?’, ‘எஞ்சினுக்கு என்ன எரிபொருள்?’ என்று ஒரு வாரம் உட்கார்ந்து அவரே எழுதிக் கொடுத்தவை.

காரணம் இருந்தது. போன வருடம் வந்தபோது, ராக்கெட் இனிக்குமா என்று ஒரு பையன் நக்கிப் பார்த்துவிட்டான். ‘இந்தப் பள்ளி மீண்டும் வரலாம்’ என்ற படிவத்தில், சுற்றிக்காட்டும் விஞ்ஞானி இம்முறை கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருடம் அனுமதி. போடாவிட்டால், இனிமேல் சுற்றுலா என்றால் பள்ளிக்கூடத்தைச் சுற்றி வருவதுதான் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார்.

விஞ்ஞானி நரைத்த மீசையும் சிரிக்காத முகமுமாக இருந்தார். விண்வெளியில் எதுவும் கீழே விழாது என்று விளக்கினார். விண்வெளி வீரர்களின் தடித்த கையுறைகளைப் பிள்ளைகளுக்கு மாட்டிவிட்டு, போல்ட்டில் நட்டை முடுக்கச் சொன்னார். நட்டுகள் தரையெங்கும் உருண்டன. பிள்ளைகளும் பின்னாலேயே உருண்டார்கள். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது.

“இப்ப கேள்வி இருந்தா கேளுங்க” என்றார்.

குண்டூசி கையைத் தூக்கினான். ஒல்லியாக இருப்பதால் வகுப்பு அவனுக்கு வைத்த பெயர். அட்டையை அவன் பார்க்கவே இல்லை. கையுறையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சார், இதைப் போட்டுக்கிட்டு எப்படி ஒண்ணுக்குப் போவாங்க?”

டீச்சருக்குத் தூக்கிவாரிப்போட்டது. “டேய்! அட்டை, அட்டை!”

அது யார் காதிலும் விழவில்லை. அணை உடைந்துவிட்டது.

“ரெண்டுக்கு வந்தா சார்?”

“அங்க எதுவும் கீழ விழாதுன்னீங்களே, அப்ப அது எங்க போகும்?”

“மிதக்குமா சார்?”

“பக்கத்துல தூங்குறவர் மேல வந்து ஒட்டிக்கிட்டா?”

முப்பத்திரண்டு அட்டைகளும் முதுகுப் பக்கம் போயிருந்தன.

விஞ்ஞானியின் காது மடல்கள் சிவந்தன. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து குட்டி நோட்டை எடுத்து, “மெதுவா, ஒவ்வொருத்தரா சொல்லுங்க. முதல்ல கேட்டது யாரு?” என்று எழுத ஆரம்பித்தார்.

புகார் எழுதுகிறார்! டீச்சர் அவசரமாகக் குறுக்கிட்டார். “சார்... எஞ்சினைப் பத்தி ஏதாவது சொல்லுங்களேன்.”

“அதுக்கு வேற ஆளுங்க இருக்காங்க” என்று வெட்டினாற்போல் சொல்லிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனார் விஞ்ஞானி. டீச்சர் காதைத் தீட்டிக்கொண்டார்.

“ஆமாங்க, மூணாம் வகுப்பு... முப்பத்திரண்டு பேரும் அதையேதான் கேட்கிறாங்க... ஐயோ, நான் ஒண்ணும் தூண்டிவிடலைங்க, அவங்களாவேதான்! வேணும்னா டீச்சர் இங்கதான் நிக்கிறாங்க, அவங்களே சாட்சி.”

சாட்சி வேறா! விஷயம் மேலிடத்துக்கே போய்விட்டது. அவர் திரும்பி வந்ததும் டீச்சர் படிவத்தை நீட்டினார்.

“மன்னிச்சிடுங்க சார். அடுத்த தடவை நல்லா வடிகட்டி, வாயே திறக்காத நாலு பேரை மட்டும் கூட்டிட்டு வரேன்.”

“ஐயையோ, வடிகட்டாதீங்க!” பதறிப்போனார் விஞ்ஞானி. படிவத்தை வாங்கினார். ‘மீண்டும் வரலாம்’ என்பதில் ‘வரலாம்’ என்ற சொல்லை அடித்துவிட்டு, ‘கட்டாயம் வர வேண்டும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

டீச்சர் திருதிருவென்று விழித்தார். “அப்ப... போன்ல டைரக்டர்கிட்ட...?”

“டைரக்டரா? அது என் மாமியார்ங்க. ‘மாப்பிள்ளைக்கு ராக்கெட்டுல வேலை’ன்னு ஊரெல்லாம் சொல்லுவாங்க, ஆனா என்ன வேலைன்னு பதினெட்டு வருஷமா ஒருத்தர்கிட்டயும் மூச்சு விட்டதில்லை.” விஞ்ஞானி முதன்முறையாகச் சிரித்தார். குண்டூசியின் தலையை வாஞ்சையோடு தடவிக்கொண்டே சொன்னார்: “அந்தக் கக்கூஸைச் செஞ்சவன் நான்தான்!”