மருமகளின் சம்பளம்

“பொண்ணு என்ன பண்றா?” புரூக்ளினில் கல்யாணத் தரகர் ஃப்ரேடலிடம் போனில் விசாரித்தாள் ஹென்யா.

“யூதப் பள்ளிக்கூடத்துல, படிக்கச் சிரமப்படுற பிள்ளைங்களுக்குத் தனி டீச்சர். தங்கமான பொண்ணு.”

“எம் பையன் ஆயுசுக்கும் தோரா வேதம் படிக்கப்போறவன். சம்பாதிச்சுப் போடவேண்டியது அவதான். சம்பளம் எவ்வளவு?”

ஃப்ரேடல் சொன்னாள்.

“அவ்வளவுதானா?”

“முன்னாடி ரெண்டு மடங்கு வாங்கினா. பள்ளிக்கூடம் அந்த வேலையைத் தனியார் ஏஜென்சிகிட்ட விட்டுருச்சு. பாதியை அவங்க எடுத்துக்கிறாங்க.”

“மனசாட்சியே இல்லாதவனுங்க. பாவம் அந்தப் பொண்ணு. ஆனா எங்களுக்குச் சரிப்படாது. சம்பளம் பத்தாதுன்னு அவகிட்ட சொல்லிடுங்க.”

“அதை அவளே ஏஜென்சி முதலாளிகிட்ட மூணு தடவை சொல்லிட்டாளாம். உங்க வீட்டுக்காரர் காதுலயே போட்டுக்கலையாம். சாப்பாடு போடும்போது நீங்க ஒரு தடவை சொல்லிப் பாருங்கம்மா.”