சத்தம் மட்டும் கேக்கணும்

“ஃபில்டரோ குழாயோ எதுவும் கண்ணுல படக் கூடாது. ஆனா, தண்ணி விழற சத்தம் மட்டும் நல்லா கேக்கணும்.”

டாக்டரம்மா இப்படிச் சொன்னதும், அளந்துகொண்டிருந்த தொட்டிக்காரர் டேப்பை அப்படியே விட்டுவிட்டார். அது சரசரவென்று சுருண்டுகொண்டது.

மீன்தொட்டி கட்டுவதில் அவர் கெட்டிக்காரர். மேலே சட்டம் கிடையாது, மூடி கிடையாது. வெறும் கண்ணாடி, உள்ளே அடர்ந்த செடி. ஃபில்டர் எங்கே என்று தலைகீழாக நின்று தேடினாலும் கிடைக்காது. தூங்குகிற குழந்தை பக்கத்தில் வைத்தாலும் அது புரண்டுகூடப் படுக்காது என்று, கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் பீற்றிக்கொள்வார்.

“மேடம், சத்தம் வராதுன்னுதானே ஆளுங்க என்னைத் தேடி வர்றாங்க!”

“எனக்கு வரணும்.”

“சரி, தொட்டி எங்க வரும்? எல்லாரும் காத்திருக்கற ஹால்லயா?”

“இல்ல, என் ரூம்ல. இதோ, இந்த நாற்காலிக்குப் பின்னால.”

அது வருகிறவர்கள் உட்காரும் நாற்காலி.

“பின்னால வச்சா அவங்க எப்படிங்க பார்ப்பாங்க?”

“திரும்பினா பார்ப்பாங்க.”

வெளியே வந்ததும் மச்சினனிடம் பொரிந்து தள்ளினார். இருவரும் சேர்ந்துதான் தொழில் செய்கிறார்கள். சண்டை போடுவதும் சேர்ந்துதான்.

“முதுகுக்குப் பின்னால மீன்தொட்டியாம் மாப்ளே! இவங்களுக்கெல்லாம் எதுக்கு மீன்தொட்டி?”

“மாமா, அந்தக் கடைசி ரூம் பார்த்தீங்களா? சுவரெல்லாம் மெத்தை ஒட்டியிருக்காங்க. கதவைச் சாத்தினா வெளியில இருந்து சத்தம் துளி வராது.”

“பார்த்தியா! அங்க சத்தத்தை விரட்டறாங்க, இங்க வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிடறாங்க. என்ன டாக்டர்டா இவங்க?”

“போர்டு இன்னும் மாட்டல. கேட்டுட்டு வரட்டுமா?”

“ஒண்ணும் வேணாம். கட்டிக் குடுத்துட்டுக் கிளம்புவோம்.”

முணுமுணுத்தாலும் வேலையில் குறை வைக்கவில்லை. தொட்டியின் பின்மூலையில் கறுப்புக் கண்ணாடியால் ஒரு தடுப்பு. அதைத் தாண்டி வழிகிற தண்ணீர், குழாயில் இறங்கி, கீழே மர அலமாரிக்குள் இருக்கும் குட்டித் தொட்டிக்குப் போகும். அங்கே பஞ்சில் வடிகட்டியதும் மோட்டார் அதை மேலே ஏற்றிவிடும். தடுப்புக்கு முன்னால் ஒரு மரவேரை நிறுத்தி, அதில் பாசியைக் கட்டினார். எல்லாம் மறைந்துபோனது.

சத்தத்தின் சூட்சுமம் கீழ்க்குழாயின் வாயில் இருந்தது. அது தண்ணீருக்குள் இருந்தால் மூச்சு விடாது. ஒரு சாண் தூக்கினால் அலமாரிக்குள் அருவி.

வேண்டாவெறுப்பாகத் தூக்கிக் காட்டினார். சலசலவென்று கொட்டியது. டாக்டரம்மா கண்ணை மூடிக் கேட்டார்.

“அருமை! இப்படியே இருக்கட்டும்.”

தொட்டிக்காரருக்கு வயிறு எரிந்தது. நாளைக்கு யாராவது வந்து இந்தச் சத்தத்தைக் கேட்டால், வேலை தெரியாதவன் கட்டியது என்று சொல்ல மாட்டார்களா? இத்தனை வருஷம் சேர்த்த பேர் என்ன ஆவது?

டாக்டரம்மா கிளம்பிப் போனதும், குழாயின் வாயைத் தண்ணீருக்குள் அமுக்கிவிட்டார். தொட்டி கப்சிப்.

“மாமா, அவங்க சொன்னது…”

“நாலு நாள் போனா அவங்களே நன்றி சொல்வாங்க. நீ வா.”

கிளினிக் திறந்த அன்று காலையிலேயே போன் வந்தது. “உடனே வாங்க.”

“நன்றி சொல்லத்தான் போல மாமா,” என்று மச்சினன் வாரினான்.

உள்ளே அந்த நாற்காலியில் ஓர் இளம் தாய் கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டிருந்தாள். மடியில் பெண் குழந்தை. மேஜைமேல் மரக்கட்டைகளை மும்முரமாக அடுக்கிக்கொண்டிருந்தது.

“சத்தம் எங்க?” டாக்டரம்மாவின் குரல் தணிந்திருந்தாலும் சூடாக இருந்தது.

“இல்ல மேடம், இவ்வளவு அழகான தொட்டிக்கு அது ஒரு குறை…”

“முதல்ல குழாயைத் தூக்குங்க. ஓசைப்படாம.”

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மண்டியிட்டார். அலமாரிக் கதவு கிறீச்சிடவில்லை. அதுவும் அவர் கைவேலைதான். தலையை உள்ளே விட்டுக் குழாயைத் தூக்கினார். சலசல.

கட்டை அடுக்கிய பிஞ்சுக் கை நின்றது.

குழந்தை தலையைச் சாய்த்தது. இந்தப் பக்கம் பார்த்தது. அந்தப் பக்கம் பார்த்தது. பிறகு மெதுவாக, அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு முழுசாகத் திரும்பியது. பச்சைச் செடிக்கு நடுவே குட்டி மீன்கள் கும்பலாக ஓடின. குழந்தைக்கு வாயெல்லாம் சிரிப்பு.

“திரும்பிட்டா! டாக்டர், என் பொண்ணு திரும்பிட்டா!” அம்மா சிரித்துக்கொண்டே அழுதாள்.

அப்போதுதான் தொட்டிக்காரர் பார்த்தார். குழந்தையின் காதுக்குப் பின்னால், அவரைக்கொட்டை அளவில் ஒரு புது மெஷின்.

“நீங்க குழாயைத் தூக்கினப்பதான் அதை ஆன் பண்ணினேன்,” என்றார் டாக்டரம்மா. “பிறந்ததுலேர்ந்து இவ ஒரு சத்தமும் கேட்டதில்ல. நான் கூப்பிட்டா என் வாயைப் பார்த்துடுவா. தண்ணி விழறது தெரிஞ்சா அதைப் பார்த்துடுவா. ஒளிஞ்சிருக்கற சத்தத்துக்குத் திரும்பினாத்தான் காது கேட்டுத் திரும்பினான்னு எனக்குத் தெரியும். அப்படித் திரும்பற குழந்தைக்குப் பார்க்க அழகா ஏதாவது இருக்க வேணாமா? அதான் உங்களைக் கூப்பிட்டேன்.”

தொட்டிக்காரருக்கு மச்சினன் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. எழுந்திருக்காமல், குழாயை மறுபடியும் பிடித்துக்கொண்டார்.

“மேடம்… சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டட்டுமா?”