உளுத்த சட்டம்

“கட்டுப் போட்டுப் படுக்க வெச்சிருக்கான் பாரு! உன் கைக்குக்கூட டாக்டர் இவ்வளவு பதமா கட்டுப் போடல!”

ஹாரன் போட்ட கத்தலில் பட்டறைக் கூரையிலிருந்த புறாக்கள் எழுந்து பறந்தன. தெருவில் அவருக்கு அதுதான் பெயர். வண்டி முனை திரும்பும் முன்பே அவர் சத்தம் வீடு வந்து சேர்ந்துவிடும்.

மேசைமேல் கிடந்தது அவருடைய பழைய காரின் இடது கதவுச் சட்டம். அந்தக் காலத்து வண்டி அது, கதவுக்கு வெளியே தகரம், உள்ளே மரம். அந்த மரம் உளுத்துப்போய், திருகாணி பிடி விட்டு, ஏழு மாதத்துக்கு முன் ஒரு வளைவில் கதவு தானாகத் திறந்துகொண்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி தார் ரோட்டில் போய் விழுந்தாள். கை இரண்டு இடத்தில் முறிந்தது.

“அந்த மரத்துல ஒரு துணுக்கு இருக்கிற வரைக்கும் நான் ஏறமாட்டேன்” என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள். ஹாரனும் விடவில்லை. மகளுக்கு இந்த மாதக் கடைசியில் பிரசவம். பேரனோ பேத்தியோ, ஆஸ்பத்திரியிலிருந்து இந்த வண்டியில்தான், இவள் மடியில்தான் வீட்டுக்கு வரவேண்டும் என்று சத்தியமே செய்திருந்தார்.

வந்து பார்த்தால் இந்த லட்சணம். அவரே அலைந்து திரிந்து வாங்கிக்கொடுத்த புதுப் பலகைகள் சுவரோரம் சாய்த்தது சாய்த்தபடி இருந்தன. பதினைந்து நாளில் ஒரு கீறல்கூட விழவில்லை. ஆனால் உளுத்த சட்டத்தை மட்டும் துண்டு துண்டாகப் பொறுக்கி, பசை ஊற்றி, துணியால் சுற்றி, முழுசாக்கி வைத்திருந்தார் தச்சர்.

“யார் காதுல பூ சுத்தறான்? வலது கதவைப் பிரிச்சப்போ வெறும் தூள்தான் கொட்டுச்சு, கூட்டி அள்ளிட்டேன்னான். சரின்னு விட்டேன். இது கொஞ்சம் உருவமா வந்ததும் புத்தி கோணலாப் போயிருக்கு. மேல பெயின்ட்ட அடிச்சு இதையே திரும்ப மாட்டிடலாம்னு பாக்கிறான்!”

“நேத்து போன்ல என்னதான் சொன்னார்?” என்றாள் கூட வந்திருந்த மனைவி.

“‘பழசு நல்லா கெட்டிப்படட்டும் சார், அப்புறம் பாருங்க’ன்னான். இப்பத்தானே புரியுது!”

மனைவி குனிந்து பார்த்தாள். “ஏங்க, இதுல ஒவ்வொரு துண்டுலயும் பென்சில்ல நம்பர் போட்டிருக்கு.”

“திருட்டு வேலைக்கு நம்பர் வேறயா!”

“ரம்பம் சாணை பிடிக்கப் போயிருக்கார்னு பக்கத்துக் கடையில சொன்னாங்க. வந்ததும் ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே.”

கோபம் வந்தால் ஹாரனுக்குக் காது அடைத்துவிடும், வாய் மட்டும்தான் வேலை செய்யும். “இன்னும் என்ன கேக்கிறது? பச்சக் குழந்தைய ஏத்தப்போற வண்டிடீ! அதுவும் எப்பேர்ப்பட்ட வண்டி! யாரோ ஒரு புண்ணியவான் கையாலயே செஞ்சது. வரைபடம் கிடையாது, ஜோடி கிடையாது. உலகம் பூரா தேடினாலும் இது ஒண்ணுதான். இதுல போயி உளுத்த கட்டைய ஒட்டுப் போட்டு மாட்டுவானாம்!”

மனைவி தன் இடது முழங்கையைத் தடவிக்கொண்டாள். அது இன்னும் முழுசாக நீளாது. “எனக்கும் அதைப் பாத்தாலே பத்திக்கிட்டுத்தான் வருது” என்றாள்.

அவருக்கு அது போதாதா? சட்டத்தைத் தூக்கி முழங்காலில் வைத்து ஒரே அழுத்து. மளுக்! இரண்டை நாலாக்கி, பசைச் சட்டி காய்ந்துகொண்டிருந்த அடுப்புக்குள் திணித்தார். பசை குடித்த மரம், குபீரென்று பிடித்துக்கொண்டது. மிச்சம் மீதி இருந்துவிடக் கூடாதென்று இரும்புக் கம்பியால் நாலு தடவை குத்தியும் விட்டார்.

“தலை முழுகியாச்சு!” கையைத் தட்டித் தூசியை உதறினார். ஏழு மாதத்தில் முதல் தடவையாக அவருக்கு மனசு ஆறியது. மனைவியும் லேசாகச் சிரித்தாள்.

அப்போதுதான் தச்சர் ரம்பத்தைச் சாக்கில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கியபடி உள்ளே வந்தார். “வாங்க சார், எப்ப வந்தீங்க?”

“நான் வந்தது இருக்கட்டும். எவ்வளவு தைரியம் உனக்கு! என் வண்டியிலயே உன் தில்லுமுல்லா? அடுப்பப் பாரு. அந்தச் சனியன் பிடிச்ச சட்டம் சாம்பலாயிடுச்சு. ஒரு துணுக்கு விடல! இனிமேலாவது மரியாதையா புது மரத்துல கை வை!”

தச்சர் வெறும் மேசையைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். சுவரோரம் சாய்ந்திருந்த பலகைகளைப் பார்த்தார். சாணை பிடித்த ரம்பத்தை மெதுவாகக் கீழே வைத்தார்.

“இன்னிக்கு அறுக்க ஆரம்பிக்கலாம்னுதான் சார் வந்தேன்” என்றார். “இனிமே எதைப் பாத்து சார் அறுக்கிறது?”